படத்தை மட்டும் சொல்லுங்கள்

என் கழுத்தில் கட்டி இருப்பதை ஒரு பொருளாதார வகுப்பின் நடுவில்தான் கண்டுபிடித்தேன். வகுப்பு எடுத்ததும் நான், பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எங்கள் கல்லூரியில் காது கேளாத மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காக வகுப்புகளைப் படம்பிடித்து, பேச்சை எழுத்தாக்கி அடியில் ஓடவிடுகிறோம். எழுத்து ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. சத்தத்தை அணைத்துவிட்டு அவன் பார்ப்பதுபோல் முழுவதையும் பார்க்க வேண்டும். சொந்த மூஞ்சியைச் சத்தமில்லாமல் முக்கால் மணி நேரம் பார்ப்பது சாதாரண தண்டனை இல்லை. அதில் ஓரிடத்தில் நான் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறேன். விழுங்கும்போது தொண்டைக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஏதோ மேலே ஏறி இறங்கியது. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஏறி இறங்கியது. கையை வைத்துப் பார்த்தேன், இருந்தது.

தைராய்டு என்பது தொண்டையின் முன்பக்கம், மூச்சுக்குழாய்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. இரண்டு மடல் இருக்கும். விழுங்கும்போது அது மேலே போய்வரும், அதில் கட்டி இருந்தால் கட்டியும் சேர்ந்து போய்வரும். இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதல் தேடி வாசிப்பவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

முதலில் ஸ்கேன். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஸ்கேன் எடுத்த பெண் மருத்துவர் கழுத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை உருட்டி, ஒரு வார்த்தை பேசாமல் படம் எடுத்தார். அரை மணி நேரத்தில் அறிக்கையைக் கையில் தந்தார்கள். வராந்தாவில் நின்றே வாசித்தேன். பயந்துகொண்டு வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பாதியில் பயம் போய்ப் பொறாமை வந்துவிட்டது.

பொறாமைக்குக் காரணம் என் வேலை. நான் பொருளாதாரம் கற்பிக்கிறேன். அதோடு எங்கள் கல்லூரியில் பாடங்களை எல்லா மாணவர்களுக்கும் எட்டும்படி மாற்றும் சிறு குழுவில் இருக்கிறேன். பார்வையில்லாத மாணவிக்குக் கணினி பாடத்தை வாசித்துக் காட்டும். ஆனால் படம் வந்தால் கணினி ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பொருளாதாரத்தில் பாதி, கோடுகள்தான். ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதை வார்த்தையில் விவரித்து எழுதிவைக்க வேண்டும். பல வருடமாக இதைச் செய்கிறேன், நன்றாகச் செய்வதாக நினைப்பும் உண்டு.

அந்த ஸ்கேன் அறிக்கை எழுதியவர் என்னைவிட நன்றாகச் செய்திருந்தார். கட்டி எந்த மடலில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, விளிம்பு தெளிவா கலங்கலா, உள்ளே திடமா நீரா, பக்கத்தில் என்ன இருக்கிறது. ஒன்றைச் சொன்னபிறகுதான் அடுத்தது. ‘நல்லவேளை’ கிடையாது, ‘துரதிர்ஷ்டவசமாக’ கிடையாது. மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று கடைசி வரியில் எழுதி, அர்த்தத்தை டாக்டருக்கு விட்டிருந்தார். இந்த அம்மாவை எங்கள் குழுவுக்கு இழுத்துவர முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அடுத்து ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, கொஞ்சம் செல்களை உறிஞ்சியெடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பதைவிட வலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். முடிவு கைப்பேசிக்கு வரும் என்றார்கள். யார் கைப்பேசிக்கு என்பதில்தான் விஷயம். எங்கள் வீட்டில் எந்த ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்தாலும் என் கணவர் தன் நம்பரைத்தான் எழுதுவார். கிழக்கேகோட்டையில் வரிக்கணக்கு பார்க்கும் அலுவலகம் வைத்திருக்கிறார், எங்கும் தன் நம்பரைப் பதிவது கையோடு வந்த பழக்கம். முடிவு அவருக்குத்தான் வந்தது.

“வந்துட்டா?” என்றேன்.

“வந்துட்டு. ஒண்ணும் இல்ல. சின்னக் கட்டி. எடுத்துட்டாச் செரியாப் போகும்.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“அதான் சொன்னேம்லா.”

“நீங்க சொன்னது உங்க நெனப்பு. எழுதியிருக்கத வாசிங்க.”

“வாய்க்குள்ள நுழையாத வார்த்தையா எழுதியிருக்கான். நீ வாசிச்சு என்ன செய்யப்போற? ராத்திரி ஒறக்கம் கெடும், அம்புட்டுதான். விடு பகவதி.”

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிடுங்கி வாசித்திருக்கலாம். பிடுங்கினால் சண்டை வரும், சண்டை எனக்குப் புதிதில்லை. உண்மையில் அன்றைக்கு எனக்கும் பயமாக இருந்தது. வாசிக்காதவரை அது வேறொருவர் பையில் இருக்கும் கட்டி.

ஆனால் கோபம் அடங்கவில்லை. இந்தச் சண்டையை இதற்கு முன்னால் எங்கோ போட்டிருக்கிறோமே என்று இரண்டு நாள் குழம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நினைவு வந்தது, போட்டது அபிஷா. அவள் எதிரே நின்றது நான்.

அபிஷா எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. பிறவியிலேயே பார்வை கிடையாது. வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு, இங்கே ஹாஸ்டல். வீட்டில் தமிழ், மற்ற எல்லா இடத்திலும் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். போன பருவத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசைமுன் நின்றாள்.

“டீச்சரே, படம் பார்த்து எழுதற கேள்வியில எனக்கு எப்பவும் முழு மார்க்.”

“நல்லதுதானே.”

“படிக்காத பாடத்துலயும் முழு மார்க், கேட்டோ. ரூம்ல இருக்கறவளுக எல்லாம் திட்டுறாளுக.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீங்க எழுதித் தர்ற விளக்கத்துக்குள்ளயே விடை இருக்கு டீச்சர். ‘வருமானம் கூடியதால் கோடு வலப்பக்கம் நகர்வதைக் காட்டும் படம்’னு எழுதுறீங்க. பின்னே எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க, இது எதைக் காட்டுதுன்னு? மத்தவங்களுக்கு அங்கே ரெண்டு கோடுதானே இருக்கு. எனக்கும் ரெண்டு கோடு தாங்க. படத்தை மட்டும் சொல்லுங்க. அர்த்தம் நான் பாத்துக்கிடுறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு படத்துக்கும் மாலை வேளைகளைத் தின்று எழுதுகிறவள் நான். கோடுகளை மட்டும் சொன்னால் தலை சுற்றும், பரீட்சை நேரம் போதாது, கொஞ்சம் கை கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வாதாடினேன். பாடக்குறிப்பில் அர்த்தம் வேண்டும்தான், மற்ற மாணவர்களுக்கும் அங்கே படத்துக்கு அடியில் எழுதித்தானே இருக்கிறது. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் அவள் கேட்டது பாடக்குறிப்பைப் பற்றி அல்ல, பரீட்சையைப் பற்றி. “யோசிக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டு யோசிக்காமல் இருந்தேன்.

ஊசி முடிவின் அர்த்தத்தை எனக்குச் சொன்னவர் அறுவை மருத்துவர். என்னைவிட மிக இளையவர், மலையாளி. என் கணவர் அப்போது இன்ஷூரன்ஸ் கவுண்டரில் வரிசையில் நின்றார். அதனால் தனியாகக் கேட்க முடிந்தது. ஊசியில் வருவது செல்கள் மட்டும். என்னுடையது போன்ற கட்டியில், புற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்கள் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு செல்லில் இல்லை, கட்டியைச் சுற்றியிருக்கும் உறையில் இருக்கிறது. உள்ளே இருப்பது உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தால் புற்று. போகாமல் அடங்கிக் கிடந்தால் வெறும் கட்டி. உறையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து மடலையே எடுத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதுவரை யாராலும் சொல்ல முடியாது.

“டீச்சர் பேடிக்கண்டா. மிக்கவாறும் ஒண்ணும் இருக்காது” என்றார். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று அர்த்தம். பெரும்பாலும் என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் யார் எழுதினாலும் நான் அடிக்கோடு போடுவேன். ஆனால் இவர் தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். வெளியே வரும்போது மனது நிதானமாக இருந்தது.

வீட்டில் யாரிடமும் உறையைப் பற்றிச் சொல்லவில்லை. கணவரும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவரவர் பையில் அவரவர் விஷயம்.

அறுவைக்கு முன்னால் பரிசோதனைகள் வரிசையாக வந்தன. ரத்தம், நெஞ்சுப்படம், இதயம். பிறகு மூக்கு வழியாக ஒரு சிறு காமிராவை விட்டுக் குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்த்தார்கள். குரலை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் நூல்போல் ஓடுகிறதாம், அறுவையில் அதைத் தொட்டுவிட்டால் குரல் கெடும். வகுப்பெடுத்துப் பிழைக்கிறவளிடம் இதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் நம்பர் திரையில் மட்டும்தான் வரும், யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண் கட்டுப் போட்டவர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் “இப்போ எத்ர?” என்று கேட்டார். நானும் எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்குக் கைப்பேசியில் ஒரு வேலை இருந்தது. நான் விடுப்பில் இருக்கும்போது என் பாடத்தில் உள்தேர்வு நடக்கப்போகிறது. வினாத்தாள் அனுப்பியாகிவிட்டது, அபிஷாவுக்கான பட விளக்கம் மட்டும் பாக்கி.

என் வழக்கப்படி ஒரே வரியில் முடித்திருப்பேன்: ‘அரசு விலைக்கு உச்சவரம்பு வைப்பதால் பற்றாக்குறை ஏற்படுவதைக் காட்டும் படம்.’ அதைத் தட்டியும் விட்டேன். பிறகு, ஊசி முடிவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட என் கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அழித்தேன்.

அந்த ஸ்கேன் அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன். ‘நிமிர்ந்த அச்சில் விலை, படுத்த அச்சில் அளவு. இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் கோடு டி. இடது கீழிருந்து வலது மேலாக ஏறும் கோடு எஸ். இரண்டும் ஈ என்ற புள்ளியில் வெட்டுகின்றன. ஈ-க்குக் கீழே ஒரு படுத்த கோடு, அதன் பெயர் பி. அது முதலில் எஸ் கோட்டை ஏ என்ற புள்ளியிலும், பிறகு டி கோட்டை பி-ஒன்று என்ற புள்ளியிலும் வெட்டுகிறது.’ அவ்வளவுதான். உச்சவரம்பு இல்லை, பற்றாக்குறை இல்லை, அரசாங்கமே இல்லை. கை சும்மா இருக்காமல் ‘கவனிக்க: கீழே’ என்று ஒரு குறிப்புச் சேர்த்தது. அதையும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் அறுவை. மயக்க மருந்து கொடுத்தவர் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார், ஏழுக்குப் பிறகு நினைவில்லை. கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, பக்கத்தில் ரத்தநீர் வடிய ஒரு குழாய், தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல் எரிச்சல். அறுவை மருத்துவர் குனிந்து, “டீச்சரே, பேர் பறயூ” என்றார். பெயரைச் சொன்னேன். பகவதி என்பதற்குக் காற்றுதான் வந்தது. நரம்பு பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் வீங்கியிருக்கிறது, சில வாரத்தில் குரல் திரும்பும், அதுவரை அதிகம் பேச வேண்டாம் என்றார். என் வகுப்பில் தூங்கும் மாணவர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

என்னைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலிலிருந்து மயினி வந்தாள், என் அண்ணன் மனைவி. உளுந்தங்கஞ்சியை ஆற்றி, தொண்டைக்கு இதமாக, ஸ்பூனில் தந்தாள். என் தலைமுடி கழுத்துக் கட்டின்மேல் படாதபடி ஒவ்வொரு காலையும் இரட்டைப் பின்னலாகப் போட்டு மேலே தூக்கிக் கட்டினாள். இந்த வயதில் இரட்டைப் பின்னலோடு படுத்திருந்தேன். நர்ஸ்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். வேண்டாம் என்று சொல்லக் குரல் இல்லை. மயினியின் கை தலையில் படும்போது மட்டும் அழுகை வரும்போல இருந்தது.

கழுத்தைத் திருப்ப முடியாததால் கூரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் யார் என்று கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். மயினி எட்டிப் பார்த்துவிட்டு, “பாவப்பட்ட பொம்பளை. புருசன் செரியில்ல போலுக்கு” என்றாள். வயது என்ன, சேலையா நைட்டியா, கூட யார் என்று தட்டினேன். “அதையெல்லாம் யாரு பாத்தா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?” என்றாள். மூன்று நாளும் அவளிடமிருந்து எனக்குத் தீர்ப்புகள்தான் கிடைத்தன, ஒரு சேலையின் நிறம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் நாள் முழுக்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாராம். அதை நான் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் இன்ஷூரன்ஸ் அனுமதி வரக் காலையிலிருந்து மாலைவரை காத்திருந்தோம். என் கணவருக்கு அது பழகிய களம். ஒவ்வொரு கவுண்டருக்கும் போய் வந்து, எங்கே நிற்கிறது என்று விவரமாகச் சொன்னார். எந்த மேசையில், யாரிடம், எதற்காக. பணக் காகிதம் என்றால் ஒரு வரி விடாமல் சொல்கிற மனிதர்தான் இவர். அன்று மாலை அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். ‘அடுத்த அறிக்கை உங்களுக்குத்தான் வரும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்கணும். உங்க அபிப்பிராயம் வேண்டாம்.’

வாசித்தார். “மோசமா இருந்தாலுமா?” என்றார். தலையசைக்க முடியாததால் கண்ணை மூடித் திறந்தேன்.

தையலைப் பார்க்க மறுபடி போன அன்றுதான் அறிக்கை வந்தது. காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி பெயர், முகவரி, என் பெயர், வயது, பாலினம் பெண் என்பதுவரை விடவில்லை. வரவு செலவு வாசிக்கும் அதே குரல். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது மடல், இத்தனை நீளம், இத்தனை அகலம். வெட்டிப் பார்த்ததில் ஒரு முடிச்சு, சாம்பல் நிறம். சுற்றிலும் முழு உறை. மருத்துவச் சொற்கள் வரும் இடங்களில் எழுத்தெழுத்தாகத் தடுக்கி எழுந்து போனார். உறையைத் துளைத்ததற்குத் தடயம் இல்லை என்று வாசித்தார். ரத்தக்குழாய்களுக்குள் புகுந்ததற்குத் தடயம் இல்லை என்று வாசித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அதே வேகத்தில் அடுத்த வரிக்குப் போனார். நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டரின் பெயர், பதிவு எண், மாதிரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய விதி எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

“இப்பம் சொல்லு. இதுக்கு என்னவாக்கும் அர்த்தம்?”

“ஒண்ணும் இல்ல” என்றேன் கரகரத்த குரலில்.

“ஒண்ணும் இல்லன்னா? எனக்காகச் சும்மா சொல்லாத. வெவரமாச் சொல்லு.”

சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. பலாக்கொட்டையும் அதன்மேல் தோலும் என்று வைத்துக்கொண்டு, தோல் கிழியாமல் இருப்பதால் புற்று இல்லை என்று விளக்கினேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் கழித்து வந்தார், கையில் டீ இல்லை. மயினியாக இருந்தால் அழுதிருக்கிறார் என்று சொல்லியிருப்பாள். கண் சிவந்திருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போனபோது திருத்த வேண்டிய உள்தேர்வுத் தாள்கள் காத்திருந்தன. அபிஷா கணினியில் எழுதியிருந்தாள். ஈ-க்குக் கீழே ஓடிய கோட்டை மனதில் எப்படியோ மேலே ஏற்றிவிட்டாள். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அரசு விலைக்குத் தரைவரம்பு வைத்ததாகவும், அதனால் பொருள் மிஞ்சிக் கிடப்பதாகவும் ஒரு பக்கத்துக்கு அழகாக விளக்கியிருந்தாள். பொருள் மிஞ்சவில்லை, அங்கே பற்றாக்குறை. படக் கேள்வியில் அவள் தவறாக எழுதியது அதுதான் முதல் தடவை. சுழி போட்டேன்.

தாள்களைக் கொடுத்த மறுநாள் மதியம், வழக்கம்போல, மதிப்பெண் கேட்டுப் பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லாத் தேர்வுக்குப் பிறகும் நிற்பார்கள். அபிஷா அந்த வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை, அவளுக்கு நிற்கத் தேவை இருந்ததில்லை. அன்று நின்றாள், வெள்ளைக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் நின்றவளிடம் ஏதோ சண்டை போட்டபடி. அவள் முறை வந்தது.

“டீச்சரே, கோடு கீழேன்னு நீங்க செரியாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் மேலே வச்சுட்டேன். பட்சே மேலே இருந்தா என்ன ஆகும்ங்கறதை ஒழுங்கா எழுதியிருக்கேன் இல்லையா? பாதி மார்க் போடக் கூடாதா?”

“கூடாது” என்றேன்.

“ஒரு மார்க்?”

“அபிஷா, பின்னால ஆள் நிக்குது.”

“செரி டீச்சர்.” திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது, அதை மட்டும் என் அபிப்பிராயமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டுவதற்குள் வரிசையில் நின்றவர்களிடம், குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொன்னாள்:

“போங்க போங்க, கழுத்தை அறுத்தும் டீச்சர் மாறல. ஒருத்தருக்கும் தரமாட்டாங்க.”